கரடியின் காது

பேனா முனையால் டேப்லெட் திரையை மேலும் கீழுமாகத் தேய்த்து அவர் அதிலிருந்த படத்தை அழித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த மனைவியின் கை மெத்தையின் விளிம்பிலிருந்து மெல்லச் சரிந்தது. அடுத்து அவள் எழுதுவதற்கு இடம் தயாராகட்டும் என்று அவர் நிமிராமலே மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். திரை வெள்ளையானதும் பேனாவை அவள் விரல்களுக்கிடையே செருகினார். நிற்கவில்லை. மறுபடியும் செருகினார். அது உருண்டு போர்வை மடிப்பில் விழுந்த பிறகே அவள் முகத்தைப் பார்த்தார்.

வெளியே பட்டப்பகல். யாரோ மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். முதலில் காகிதத்தில் வரைந்தவள், பிறகு டேப்லெட்டுக்கும் ஸ்டைலஸ் என்கிற மையில்லாப் பேனாவுக்கும் மாறினாள். அவள் கைபட்டால் நரி மூக்குக்கண்ணாடி அணியும். ஆமை குடை பிடிக்கும். தொண்டை நோய் குரலைக் கொண்டுபோன பிறகு அந்த டேப்லெட்டே அவளுக்கு வாயாயிற்று. வேண்டியதை எழுதினாள், எழுதச் சலித்தால் வரைந்தாள். ஊசி போட வரும் நர்ஸ் ஒரு கொக்கு. வந்தமர்ந்தால் அறிவுரையை நிறுத்தாத அவளுடைய அக்கா, கழுத்தை நீட்டிய கோழி. கிரீஸும் வியர்வையுமாக வீடு திரும்பும் கணவர் கரடி. அந்தக் கரடிக்கு ஒரு காது எப்போதும் மடங்கியிருக்கும். சொன்னதில் பாதிதான் அந்தக் காதில் ஏறுமாம்.

கரடியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவள் எழுதியதைப் படித்த கையோடு அழித்துவிடுவார். இருப்பது ஒரு பக்கம்; அது நிறைந்துவிட்டால் பாவம், எங்கே எழுதுவாள்? உணவு விடுதியில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவருக்காக மேசையைத் துடைக்கிறவரைப்போல, அதை அவர் ஒரு பணிவிடையாகவே செய்துவந்தார். அவள் தடுத்ததில்லை. அவர் துடைக்கும் மும்முரத்தைப் பார்த்துச் சில சமயம் தோள் குலுங்கச் சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாள் என்று அவரும் கேட்டதில்லை.

மறுநாள் வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்ததும் எடுத்துச் சென்றார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது கூடத்தில் வாடகை நாற்காலிகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. அவற்றில் ஒன்றில் அக்கா மூக்கைச் சிந்தியபடி அமர்ந்திருந்தாள்.

"ஏன் தம்பி, என்னைக்கூட வரைஞ்சாளாமே? அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. என்னவா வரைஞ்சா?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மயிலா வரைஞ்சா, அண்ணி."

"மயிலா!" அக்காவுக்கு அழுகை புதிதாகப் பொங்கியது. "பாத்தியா, எம்மேல உசிரையே வச்சிருந்தா. நாந்தான் அவள எதுக்கெடுத்தாலும் திட்டிக்கிட்டே இருந்தேன்."

மகள் தலை நிமிர்ந்து தந்தையைப் பார்த்தாள். போன முறை வந்திருந்தபோது கோழியை அவளே பார்த்திருந்தாள்.

அக்காவும் விடைபெற்றுப் போன பின், சாயங்கால வெயில் கட்டிலின் கால்வரை வந்து நின்றது. மகள் கேட்டாள்:

"அப்பா, அம்மா கடைசியா என்ன எழுதினாங்க?"

"எழுதல. வரைஞ்சா."

"என்ன வரைஞ்சாங்க?"

"வேற யாரு, என்னத்தான். கரடி ஒரு துணிய வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து துடைக்குது."

அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "காட்டுங்களேன். அது ஒண்ணு போதும்பா எனக்கு."

அவளே கட்டிலருகே போய் டேப்லெட்டை எடுத்துவந்தாள். அது இருண்டு கிடந்தது. தினமும் சார்ஜில் போடுகிறவர் அவர்தான்; நேற்று அந்த நினைப்பே வரவில்லை. செருகி உயிரூட்டியதும் வெற்றுப் பக்கம் ஒன்று ஒளிர்ந்தது.

"அழிச்சிட்டேன்மா."

"சரி, அதுக்கு முன்னாடி எழுதினது?"

"எல்லாத்தையுந்தான். எடம் வேணுமில்ல அவளுக்கு?"

"எடமா?" அவள் விரலால் தள்ளினாள். புதிய வெள்ளைப் பக்கம் வந்தது. மறுபடி தள்ளினாள், இன்னொன்று. "இது தீரவே தீராதுப்பா..." என்றவள், சொல்லியிருக்க வேண்டாமோ என்று பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் அம்புக்குறியைத் தொட்டுப் பார்த்தாள். அது அசையவில்லை. "அணையாம இருந்திருந்தா வந்திருக்கும்" என்பதை மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனால், மேலே ஏறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி உள்ளே இருப்பவர்களை மீட்கத் தெரிந்தவர் அவர். இதில் பிடித்துச் சுற்ற ஒன்றும் இல்லை.

"எப்படிப்பா இருந்துச்சு அந்தக் கரடி?"

காற்றில் கையால் காட்டினார். போதவில்லை. பேனாவை எடுத்தார். அதன் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. அவர் பிடித்த பிடியில் அது கண்ணாடியில் இடறியது. விரல்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அவள் இடக்கைக்காரி; அது அவள் பிடிக்குப் பழகிய முனை. மணிக்கட்டை வெகுவாக வளைத்த பிறகு, ஏதோ ஒரு கோணத்தில் முனை தானாகப் படிந்து வழுக்கிற்று. கை வலித்தது. அவர் மாற்றிப் பிடிக்கவில்லை.

ஒரு வட்டம் வந்தது. அதன் கீழே பெரிதாக இன்னொன்று.

"உருளைக்கிழங்காப்பா?"

"கரடிதாம்மா."

மடங்கிய காதைப் போடும்போது முனை வழுக்கிக் கோடு பக்கத்தின் விளிம்புவரை ஓடிவிட்டது.

"கோணிடுச்சு. அழிச்சிடவா?" அவள் விரல் திரையருகே வந்தது.

அவர் மறு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்."

அவள் எழுந்து தேநீர் போட அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்களின் ஓசை கேட்டது. தொடாமல் விட்ட திரை மெல்ல மங்கத் தொடங்கியது. அவர் புறங்கையால் அதை லேசாகத் தொட்டார்; வெளிச்சம் திரும்பியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் மங்கியது. மறுபடியும் தொட்டார்.