ஐந்தாம் திரி எரியும் வரை

மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற விஜயரத்தினத்துக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தை மாத வெள்ளிக்கிழமை, அவருடைய வியாபாரத்துக்கு இணையத்தளம் திறந்த முதல் நாள். வந்தவர் போனவரையெல்லாம் கடையின் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டுக் கணினியின் முன்னால் இருத்தி, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தளத்தைத் திறந்தால் முதலில் வருவது அந்த விளக்குத்தான். கறுத்த திரையில் ஒரு குத்துவிளக்கு மெல்ல எழும். நாதஸ்வரம் ஊதும். ஐந்து திரியும் ஒவ்வொன்றாகப் பற்றும். பிறகு நிறைகுடம், பிறகு மூன்று மொழியிலும் வரவேற்பு. அதற்கும் பிறகுதான் ஒரு கதவு திறந்து, என்ன விற்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எந்த எண்ணில் பேசலாம் என்பதெல்லாம் தெரியும்.

தளத்தைச் செய்து கொடுத்தவள் பக்கத்துத் தெருவில் கணினி வகுப்பு நடத்தும் றஸ்மியா. அவள் ஆரம்பத்திலேயே சொன்னாள்.

"அங்கிள், லைன் சரியான ஸ்லோ. இதெல்லாம் வந்து முடியிற வரைக்கும் ஆரும் பாத்துக்கொண்டு இரிக்க மாட்டாங்க. கீழ ஒரு பட்டன் வெப்பம். வேணாங்கிறவங்க தாண்டிப் போகட்டும்."

"விளக்கேத்தேக்கை ஆராவது தாண்டிப் போவினமோ பிள்ளை? சபையிலை அப்பிடி எழும்பிப் போனால் அபசகுனமெண்டு ஏசுவினம். பட்டன் கிட்டன் ஒண்டும் வேண்டாம்."

பட்டன் வைக்கவில்லை. அது போதாதென்று, லொறியின் பக்கவாட்டில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் இணைய முகவரியை எழுதுவித்தார்.

அந்த லொறிதான் இப்போது அவர் மனைவி ஞானாம்பிகையின் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாரதி லெட்சுமணன் விடியுமுன்பே மிளகு மூட்டைகளோடு கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தான். சரக்கை இறக்கியதும் தொலைபேசி எடுத்து, "எறக்கிட்டேங்கம்மா, கெளம்புறேன்" என்று சொல்லாமல் அவன் ஒருநாளும் திரும்பியதில்லை. இன்று மத்தியானமும் தாண்டிவிட்டது. யுத்த காலம்; வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். தமிழ்ப் பெயர் உள்ள ஒருவனைச் சந்தேகம் என்று இறக்கிவிட்டால், பிறகு அவனை எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்கும் கடைக்கும் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. இணையமும் அதே கம்பியில்தான் வரவேண்டும். திரையில் விளக்கு எரிகிற மட்டும் வெளியிலிருந்து யார் எடுத்தாலும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும்.

முற்றத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த லெட்சுமணனின் மனைவி அழகம்மா, சுளகைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, அவரு பேசுனாருங்களா?"

"இன்னும் இல்லை பிள்ளை. பேசுவான்."

"ஐயா போனு பக்கம் இருந்தே எந்திரிக்கலீங்களேம்மா. அவரு எடுத்தா எப்புடிங்க கெடைக்கும்?"

ஞானாம்பிகையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போனாள். இரண்டு தரம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாயிற்று.

"இஞ்சாருங்கோ, கொஞ்சநேரம் லைனை விடுங்கோ. லெட்சுமணன் இன்னும் எடுக்கேல்லை."

"வழியிலை டயர் கியர் போயிருக்கும். நீர் ஏன் பதறுறீர்? தர்மகர்த்தா ஐயா வந்திருக்கிறார், வடை கொண்டு வாரும்."

கோயில் தர்மகர்த்தா சிவலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைகூப்பியபடி இருந்தார். நாதஸ்வரம் விட்டு விட்டு ஊதியது. முதல் திரி பற்றியது. நெடுநேரம் கழித்து இரண்டாவது.

ஞானாம்பிகைக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்துத் தேவாரம் படிக்கிறவள் அவள். எரிகிற சுடரை ஊதி அணைக்கக்கூடாது என்று வளர்ந்தவள். ஆனால் வாசலில் அழகம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாளே! 'பிள்ளையாரப்பா, பொறுத்துக்கொள்ளும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குனிந்து, சுவரிலிருந்த கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

மூன்றாவது திரி பாதியில் நின்றது. நாதஸ்வரம் அடங்கியது.

"என்ன வேலை செய்தனீர் ஞானம்!" விஜயரத்தினம் எழுந்தேவிட்டார்.

"நல்ல நாளிலை விளக்கை நூத்துப்போட்டியே தங்கச்சி," என்றார் சிவலிங்கம்.

ஞானாம்பிகை கம்பியைத் தொலைபேசியில் கொளுவி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கவில்லை. கணவர் திட்டி ஓய்ந்தார். சிவலிங்கம் வடையைப் பிட்டார். அதன் பிறகுதான் அடித்தது.

"மாத்தளைக் கடையா? அல்ஹம்துலில்லாஹ்! என்னா எங்கேஜ் இது! ஒங்கட டிரைவர் லெட்சுமணன பொலிஸ்ல வெச்சிரிக்காங்க. பயப்படாதீங்க, நல்லா இரிக்கார். நான் பொலிசுக்கு முன்னால போன், இன்டர்நெட் கொமினிகேசன் கடை வெச்சிரிக்கிற கைறுன்னிஸா."

கைறுன்னிஸா மூச்சுவிடாமல் சொன்னாள். லெட்சுமணன் முதலாளியின் எண்ணைச் சொல்லியிருக்கிறான். எடுக்க எடுக்க எங்கேஜ். பொய் எண் என்று பொலிஸார் நினைத்துவிட்டார்கள். சார்ஜன் லொறியிலிருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு இவளுடைய கடைக்கு வந்து திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"தொறந்தா வெளக்கு! நாலு திரி எரியக்குள்ள லைன் விழுந்திச்சி. திரும்பவும் மொதல்ல இரிந்து. சார்ஜன் 'இது கடையில்ல, கோயில்' எண்டு எழும்பிட்டார். நான்தான், 'இரிங்க மாத்தயா, ஒரு ஆள்ட உயிர்' எண்டு டீ எடுத்துக் குடுத்தேன். வந்த கஸ்டமர எல்லாம் நிப்பாட்டிப் போட்டு அஞ்சாவது திரி மட்டும் காத்திரிந்தேன். கதவு தொறந்து பாத்தா, அவர் சொன்ன அதே நம்பர்! இந்தாங்க, சார்ஜன் பேசுறார்."

ஞானாம்பிகை நிமிர்ந்து நின்று, தெளிவான சிங்களத்தில், லெட்சுமணன் தங்கள் ஆள், லொறியும் மிளகும் தங்களுடையவை என்று சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பியபோது அழகம்மா கதவு நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஞானாம்பிகையும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டுப்பட லொறி வந்தது. லெட்சுமணன் இறங்கி, பைப்படியில் நெடுநேரம் முகம் கழுவினான்.

விஜயரத்தினம் ஆளனுப்பி றஸ்மியாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த விளக்கை எடுத்துவிடும். திறந்த உடனை கடைப் பேரும் நம்பரும் தெரியவேணும்."

"உள்ளுக்கு வேற ஒரு பக்கத்துல வெப்பமா அங்கிள்? விருப்பமானவங்க பாக்கட்டும்."

"வேண்டாம். விளக்கைச் சாமியறையிலையே ஏத்துவம்." கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெளியிலை நிக்கிறவன்ரை அவசரம் எனக்கு விளங்கேல்லை."

பிறகு உள்ளே போய், பல்லேகமவிலிருந்து வந்திருந்த நல்ல ஏலக்காயில் ஒரு பொதி தன் கையாலேயே கட்டினார்.

"லெட்சுமணன், அடுத்த முறை போகேக்கை இதை அந்தக் கொமினிகேசன் கடைப் பிள்ளையிட்டைக் குடுக்கவேணும்."

லெட்சுமணன் பொதியை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. அந்த ரோட்டுல தனியா போக மனசு வரலீங்க."

விஜயரத்தினம் அவனைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவனைத் தனியாகத்தான் அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"தனியப் போகவேண்டாம். நானும் வாறன்," என்றார்.

திங்கட்கிழமை விடியுமுன்பே அவர் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஏலக்காய்ப் பொதியை மடியில் வைத்தபடி லொறியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். லெட்சுமணன் வந்து பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தால் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.