கண்ணாடிக்குள்ள மாதா

ரொறன்ரோவில ஒரு மியூசியத்தில நான் செக்யூரிட்டி. ரெண்டாம் மாடியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, யானைத் தந்தத்தில செய்த மாதா நிக்கிறா. "சிலோன், பதினேழாம் நூற்றாண்டு. ஒரு ஒல்லாந்துக் குடும்பத்தின் அன்பளிப்பு" எண்டு கீழ எழுதியிருக்கு. ஒல்லாந்தர் எங்கட கத்தோலிக்கக் கோயிலுகளைப் பறிச்ச காலத்துச் சாமான். அன்பளிப்பாம்! வாசிக்கிற நேரமெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

போன ஞாயிறு ஒரு அக்கா வந்தா. மாதாவைக் கண்டதும் சப்பாத்தைக் கழட்டி ஓரமா வைச்சிட்டு முழங்காலில நிண்டா. பிறகு எழும்பி, மாதாவின்ர காலைத் தொட்டு முத்தமிடக் கையை நீட்டினா. கை கண்ணாடியில முட்டிச்சுது.

"அக்கா, தொடக்கூடாது," எண்டன்.

தமிழைக் கேட்டதும் அவவின்ர முகம் மலர்ந்திட்டுது. "தம்பி எவடம்?"

"மன்னார்."

"நானும் மன்னார்தான். அப்ப ஒருக்காத் திறந்து விடுங்கோவன்."

"திறப்பு என்னட்டை இல்லை அக்கா."

"அப்ப உங்களை என்னத்துக்கு இஞ்ச வைச்சிருக்கினம்?"

உங்களைத் தடுக்கத்தான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

அவ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பாத்தபடி போனா. கண்ணாடியில அவவின்ர கை அடையாளம் அப்பிடியே இருந்தது. அதைத் துடைக்கிறதும் என்ர வேலைதான். துணியை எடுத்தன், மனம் வரேல்லை. அந்த அடையாளத்துக்கு மேல என்ர கையை வைச்சன்.

இடுப்பில ரேடியோ கத்திச்சுது. கீழ கமரா பாக்கிறவனுக்கு என்ர முதுகுதான் தெரிஞ்சிருக்கும்.

"உன்ர மாடியில ஆரோ ஒருத்தன் பெட்டியைத் தொடுறான். உடன போய்த் தடு."

ஓம் எண்டு சொல்லிப்போட்டு, கையை எடுத்தன்.