இரண்டு பென்குயின்களும் ஒரு வீடும்

தொடக்கப் பள்ளிக்குக் கணக்குப் பயிற்சி நூல் போடும் அந்தப் பதிப்பகத்தில் கணக்கு எழுதும் அவரைப் பென்குயின் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கூட்டல் என்றால் அவருடைய பென்குயின்கள் மீன் பிடிக்கும். வகுத்தல் என்றால் அதே மீனைப் பங்கு போட்டுக்கொள்ளும். பதினோரு வருடமாக இந்தப் பிழைப்புதான்.

ஒருநாள் பதிப்பாசிரியை அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், உங்க கணக்கைப் படிச்சுப் படிச்சு எனக்கே குளிர் எடுக்குது. இந்தத் தடவை தலைப்பு, 'நம் வீடு'. பிள்ளைங்க தினம் கண்ணால பார்க்கிறதை எழுதுங்க. ஒரு மாதிரிக் கணக்கை மூணாம் வகுப்புல கொடுத்துப் பார்ப்போம். பாதிப் பேராவது சரியா போடலைன்னா புத்தகம் கிடையாது. உங்க மேசையும் கிடையாது."

வீட்டுக் கணக்குதானே, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று அவர் நினைத்தார். எழுதியதும் அப்படித்தான். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்குங்க."

தூக்கினார். தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த நிமிடம் அவர் எழுதிக்கொண்டிருந்தது இது: 'அம்மா தனியாக வீட்டைச் சுத்தம் செய்ய நாற்பது நிமிடம் ஆகும். அப்பாவும் சேர்ந்துகொண்டால் எத்தனை நிமிடம் ஆகும்?' விடைப் பக்கத்தில் இருபது என்று போட்டார். நாற்பது என்பதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. பாதியாக்கச் சுலபமான எண், அவ்வளவுதான்.

கணக்கு போனது அவருடைய மகள் படிக்கும் வகுப்புக்கே. முப்பத்திரண்டு தாள் திரும்பி வந்தது. இருபது என்று எழுதியிருந்தவர்கள் நான்கு பேர்.

பதிப்பாசிரியை மற்றவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். "'நாற்பது. அப்பா ஃபோனில் இருப்பார்.' 'நாற்பத்தைந்து. அப்பாவுக்கு நடுவில் டீ போட வேண்டும்.' இதைக் கேளுங்க சார். 'அறுபது. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க பத்து நிமிடம். அவர் செய்ததை அம்மா திரும்பச் செய்ய பத்து நிமிடம்.'"

கூட்டலில் பிழை இல்லை. தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் நீளமான வால். அந்தப் பழக்கம் அவருடையது. அவரிடமிருந்து மகளுக்கு வந்தது.

"பிள்ளைங்களுக்குக் கணக்கு புரியலை மேடம்," என்றார். வேறென்ன சொல்வார், பாவம்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கொடுப்போம். அதோட சரி."

ஐம்பது வயதுக்கு மேல் வேறு மேசைக்கு எங்கே போவது? ஆனால் திருத்தம் என்னவோ இரண்டே நிமிடத்தில் முடிந்தது. அம்மா இருந்த இடத்தில் ஒரு பென்குயின், அப்பா இருந்த இடத்தில் இன்னொரு பென்குயின். வீடு வீடாகவே இருந்தது. பதிப்பாசிரியை தலையில் அடித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

முப்பத்திரண்டு பேரும் இருபது என்று எழுதியிருந்தார்கள்.

புத்தகம் தப்பியது, மேசையும் தப்பியது. அன்று மாலை அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வாரம் அறுபதுன்னு எழுதினியே, இந்த வாரம் மட்டும் எப்படிம்மா சரியா போட்ட?"

மகள் பென்சிலை நிறுத்தவில்லை. "இதுல ரெண்டு பென்குயினும் வேலை செய்யுதேப்பா."

அவருக்குக் காதுமடல் சுட்டது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. எழுந்து போய் மனைவியிடம் கையை நீட்டினார்.

"கொடு. நானும் துடைக்கிறேன்."

அவள் அவரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"இன்னிக்கு எனக்கு அறுபது நிமிஷம் இல்லைங்க. போய் உக்காந்து காலைத் தூக்கிக்குங்க."