ஊற்றைக் காட்டியவள்

எங்கள் மலையூர் கோலா தெர்லாவில் யார் வீட்டுக்கும் போகலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். "தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவர அனுமதியில்லாமல் போட்ட நம் கறுப்புப் பைப் காட்டுக்குள் எந்த ஊற்றில் தொடங்குகிறது என்பதை யாருக்கும் சொல்ல மாட்டோம். நானும் பக்கத்துத் தோட்டத்துக் காளிமுத்து அண்ணனும் மட்டும் இருபது வருஷமாக ஒரே ஊற்றில் எடுத்துவந்தோம்.

அதை நான் வனஸ்ஸாவுக்குக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வனஸ்ஸா யாரோ இல்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அப்போது எங்களுக்கு அடுத்த வீடு, ரொனால்ட் அண்ணன் மகள். இன்றைக்குத் தமிழும் மலாயும் கலந்து தானே பாட்டெழுதி, கித்தாரும் உறுமியுமாக வெளிநாட்டு மேடைகளில் பாடுகிறாள். எல்லாப் பாட்டும் காடு, ஆறு, மலை. டிவியில் வந்தால், "நம்ம லைன் பிள்ளை" என்று கடையில் பீற்றிக்கொள்வேன்.

தைப்பூசம் கழிந்து வந்தாள், கூட ஒரு கேமராக்காரன். "அக்கா, தண்ணி பொறக்கிற சத்தம் வேணும். பாட்டுல போடணும்" என்றாள். தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடம்வரை கையைப் பிடித்து ஏற்றினேன். அட்டை கடித்த காலுக்கு உப்புத் தடவினேன். ஊற்றோரம் மைக்கை வைத்துக் கண்மூடி உட்கார்ந்தாள். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

"என் பேரு போடுவியா?"

"கண்டிப்பாக்கா."

பாட்டு வெளிவந்தது. தொடக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். அடுத்து, திரை முழுக்க எங்கள் பைப். ஆற்றின் கழுத்தைச் சுற்றிய பாம்பு என்று உருகிப் பாடினாள். கடைசியில் கொட்டை எழுத்தில், 'வழிகாட்டிய கோலா தெர்லா வசுமதி அக்காவுக்கு நன்றி'.

ஒரு வாரத்தில் அதிகாரிகள் மலையேறி இரண்டு பைப்பையும் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார்கள். எனக்கு இருப்பது நாலு பாத்தி சாமந்தி. மொட்டு விட்ட நேரம். வெளியே மழை கொட்டினாலும் பாத்திமேல் போட்ட பிளாஸ்டிக் கூரைக்குள் ஒரு சொட்டு விழாது.

போன் போட்டுக் கத்தினேன்.

"உங்கள சொல்லலக்கா. பெரிய தோட்டக்காரங்களத்தான் சொன்னேன்."

"அவன் பைப்பப் போய் எடுக்க வேண்டியதுதானே?"

"அங்கெல்லாம் உள்ள விடமாட்டாங்கக்கா."

நான் விட்டேன். அவளை நம்பி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன். போனை வைத்தேன்.

காளிமுத்து அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் புதுப் பைப்புச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எப்போதும்போல நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தேயிலைச் சரிவில் நின்று திரும்பினார்.

"நீ வராதம்மா. புது ஊத்து எங்கேனு உனக்குத் தெரிய வேணாம்."

அவர் காட்டுக்குள் மறையும்வரை அங்கேயே நின்றேன்.