சொல்லாமல் போன நாள்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் ஏற வேண்டும் என்றால் மற்ற ஆய்வாளர்களுக்கெல்லாம் திடீரென்று முழங்கால் வலி வந்துவிடும். இவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையாவது திட்டியபடியே ஏறிவிடுவாள். மேலே உள்ள துவாரத்தில் குழாயைச் செருகி, புகையை ஒரு வெள்ளைத் தாளில் பிடிப்பாள். அதில் எவ்வளவு தூசி படிகிறதோ அதுதான் தீர்ப்பு.

அந்த ஒரு நிலையத்தில் மட்டும் தாள் ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தாற்போல் வெளுப்பாகவே வந்தது. அதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அங்கே கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் பொறுப்பாளர் அவளுடைய அண்ணன். கணவர் போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வீடுதான். சோதனைக்கு முந்தைய நாளே அண்ணிக்குப் போன் போட்டுவிடுவாள்.

“நாளைக்கு அந்தப் பக்கம் வர்றேன் அண்ணி. எனக்கும் சேர்த்து அரிசி போடுங்க.”

நிலையத்தின் சுவரை ஒட்டிய தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். ஒருமுறை இவளைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அடிக்கடி வாங்கம்மா. நீங்க வர்றதுக்கு முந்தின நாளே சாம்பல் விழுறது நின்னுடுது. நாங்க போர்வையெல்லாம் அன்னைக்குதான் துவைச்சுப் போடுறோம்.”

“முந்தின நாளேவா?”

“ஆமா, எப்பவும் அப்படித்தானே!”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதனைத் தேதி மேலதிகாரிக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அப்புறம் அண்ணிக்கு. அன்று மதியம் அண்ணன் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ன பாப்பா, கொறிக்கிற?” என்று அண்ணன் இன்னொரு கரண்டி வைத்தார். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தவள் தண்ணீரைக் குடித்து விழுங்கிக்கொண்டாள். கேட்டால் இந்த வீடும் இல்லை.

அடுத்த சோதனைக்கு முந்தைய நாள் அவள் போன் போடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள், பாவம். அவளுக்குப் பேச வேறு யாரும் இல்லை.

மறுநாள் ஏணியில் ஏறும்போது வாயில் திட்டே வரவில்லை. தாள் வெள்ளையாகவே இருக்கட்டும், தன் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே குழாயைச் செருகினாள். எடுத்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சாம்பல் அப்பிக் கிடந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூசி பிடிக்கும் எந்திரத்தையே அணைத்து வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள்.

நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். கொதிகலனை நிறுத்தும் உத்தரவை அங்கேயே எழுதினாள். பொறுப்பாளர்மீது நடவடிக்கை என்ற வரி வந்தபோது கை நின்றது. பிறகு அதையும் எழுதி முடித்தாள்.

அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாப்பா.”

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அண்ணா.”

அவர் முகம் இறுகிப்போனது. அறையில் எல்லோரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க கையெழுத்து போடணும், மேடம்?”

அவள் விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.