வலப்பக்கச் சைட்கார்

1961 தீபாவளி கழிந்த மறு புதன்கிழமை, பிற்பகல் மழை விட்ட கையோடு, ஒரு லாரி சிங்கப்பூரின் கேம்பல் லேனுக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் பின்வாங்கி நுழைந்தது. மருதப்பன் மசாலா மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மஞ்சள் தூள் படிந்த கைகளைக் காக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

லாரியின் மேல் யாக்கூப் நின்றான். அவனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் மருதப்பனுக்காகப் பழைய பட்டாள மோட்டார் சைக்கிள் தேடுவான்.

"அலெக்சாண்ட்ரியாவுல புடிச்சேன்ணே. ஜெர்மன்காரன் பாலைவனத்துல போட்டுட்டு ஓடுனது. சிங்கப்பூர்ல ஒருத்தன்கிட்டயும் கெடையாதுலா."

தார்ப்பாயை இழுத்தான். மண் நிறத்தில் ஒரு ஸுண்டாப் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஒட்டியபடி படகு போல ஒரு சைட்கார், ஓர் ஆள் உட்காரும் பெட்டி. சாய்த்து இறக்கும்போது அதற்குள்ளிருந்து ஒரு படி மணல் கொட்டியது. மருதப்பன் குனிந்து மணலை இரண்டு விரலால் தேய்த்தார், அரைத்த மிளகாயைப் பதம் பார்ப்பது போல.

"நைசா இருக்கு," என்றார்.

மில்லின் பின்கொட்டகையில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த அமெரிக்க ஹார்லி. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த பெல்ஜிய வண்டி. லண்டனிலிருந்து வந்த குட்டி வண்டி. பாராசூட்டில் கட்டி வானத்திலிருந்து போடுவதற்காகச் செய்தது, மடித்தால் அரிசி மூட்டை அளவுதான். அது வந்த அன்று அவர் மனைவி மங்களம் அதைச் சுற்றி வந்து, "இதுக்குப் பால் பவுடர் வாங்கணுமா?" என்று கேட்டாள். ஜப்பான் பட்டாளத்து வண்டியை மட்டும் மருதப்பன் வாங்கியதில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பார்த்த அந்தத் தெருவில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்றிலும் ஓர் ஆள்தான் உட்காரலாம். சிப்பாய்க்குப் பின்சீட் எதற்கு?

போன வருஷம் மார்கழித் திருவாதிரையன்று நல்ல மழை. ஆர்ச்சர்ட் ரோட்டுச் சிவன் கோயிலுக்குப் போக ட்ரைஷா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்காமல் மங்களம் நடந்தே போய் நடந்தே வந்தாள். தெப்பமாக நனைந்து திரும்பியவள் நேரே கொட்டகைக்குப் போனாள். மூன்று வண்டிகளும் நனையாமல் நின்றன.

"அடுத்த திருவாதிரைக்கு உங்க வண்டி ஒண்ணு என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோயி, திரும்ப வீட்டுக்குக் கொண்டாரணும்," என்றாள். "இல்லேன்னா எல்லாத்தையும் வித்துட்டு இந்த எடத்துல ரெண்டாவது மிஷின் போடுவேன்."

மில் அவள் அப்பா கொடுத்தது. காலையில் பெரிய சக்கரத்தைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவதும் அவள்தான். சொன்னால் செய்வாள். மருதப்பன் கலங்கவில்லை. "சரி" என்றார். யாக்கூபிடம், "உக்கார எடம் உள்ளதா பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இப்போது இடம் வந்துவிட்டது. மங்களம் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, பெட்டி வலப்பக்கம் இருக்கு."

"ஜெர்மன்காரன் ஊர்ல ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுவான். அதனால அப்படி."

"நம்ம ஊர்ல? நடு ரோட்டுல நான் உக்காந்து வரணும். எதுக்க வர்ற பஸ்ஸு என் மூக்க ஒரசிட்டுப் போவும்."

"ஒரசாது."

"ஒரசலேன்னாலும் ஏறமாட்டேன். தாலி ஏறுனதும் என்னை எந்தப் பக்கம் மாத்தி உக்கார வச்சாங்க? மறந்துபோச்சா? சிவன் அம்மாளை எந்தப் பக்கம் வச்சிருக்காரு? அவரு கோயிலுக்கே நான் வலப்பக்கம் உக்காந்து போனா, அவரே சிரிப்பாரு."

அதில் பாதி பக்தி, பாதி பிடிவாதம். எது எவ்வளவு என்று மருதப்பனுக்கு இருபது வருஷமாகப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

யாக்கூப் தலையைச் சொறிந்தான். "அறுத்து இந்தப் பக்கம் மாட்டிடலாம்ணே. ஒரு நாள் வேலை."

மருதப்பன் வண்டியின் பின்புறத்துக்குக் கட்டை கொடுத்துத் தூக்கச் சொன்னார். சைட்கார் சக்கரத்துக்கும் ஒரு கட்டை. ஒரு பிடியைத் தள்ளிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். சைட்கார் சக்கரமும் கூடவே சுழன்றது. உள்ளே ஓர் இரும்புத் தண்டு இரண்டையும் இணைத்திருந்தது.

"பாத்தியா? மத்த சைட்கார் சக்கரமெல்லாம் சும்மா உருளும். இது இழுக்கும். இதை அறுத்தா அப்புறம் இது வெறும் வண்டி."

சனிக்கிழமை சிவசுப்பிரமணியம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் வீடு, கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவரும் பட்டாள வண்டி சேர்ப்பவர்; மங்களம் சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸுண்டாப்பைச் சுற்றி வந்தார்.

"வடிவான சாமான், மருதப்பர். ஆனால் பெட்டி மற்றப் பக்கத்தில எல்லோ கிடக்குது."

"பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"உங்கட மனிசி ஏறுவாவே?"

"ஏறுவா."

"ஏறாட்டில் நாலையும் நான் எடுக்கிறன். வெட்டிப் போடாதேங்கோ. வெட்டினால் எனக்கு இது வேண்டாம், மற்ற மூண்டும் போதும்."

"நீங்க வர்ற திருவாதிரைக்குக் கோயில் வாசல்ல நில்லுங்க சார். பாத்துட்டுப் போவலாம்."

"லொறியோட வந்து நிப்பன்," என்று சிரித்தார் சிவசுப்பிரமணியம்.

என்ன செய்வது என்று மருதப்பனுக்கு அப்போது தெரியாது. தெரியாததை அவர் முகம் காட்டவில்லை. மணலைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றினார், ஒயர் மாற்றினார். பத்தாம் நாள் எஞ்சின் உறுமியது. சந்தில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் காலை சைட்காரின் அடித்தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலித்தது. அப்படியே அதன் இருக்கையில் சாய்ந்து காலை நீட்டினார். சொகுசாகத்தான் இருந்தது. மங்களம் காப்பியோடு வந்தாள். குவளையை நீட்டிவிட்டு, மறு கையை வண்டியின் கைப்பிடியில் ஊன்றி நின்றாள்.

மருதப்பன் காப்பியைக் குடிக்கவில்லை. அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"மங்களம், நீ இப்ப எனக்கு எந்தப் பக்கம் நிக்கிற?"

அவள் குனிந்து பார்த்தாள்; அவருக்கு இடப்பக்கம். கைப்பிடியைப் பார்த்தாள். புரிந்தது.

"வெளையாடுறீங்களா?"

"மூணு சக்கரம். சாயாது. மில்லு எஞ்சினைக் கிளப்புற கைக்கு இது என்ன பெரிய காரியம்?"

"தெருவே கூடி நின்னு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மல்லி அரைக்க உங்கிட்டதானே வரணும்."

அவள் கிளட்ச் பிடியை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"சேலையோட எப்படி ஏறுறது?"

"என் கால்சட்டை ஒண்ணு போட்டுக்க. மேல சேலையக் கட்டு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் திடலில் பழகினாள். முதல் வாரம் கோல்கம்பம் ஒன்றை நெருங்கிப் போய் நின்றாள். பந்தாடியவர்கள் கைதட்டினார்கள். "கைதட்டுறவன் வந்து ஓட்டிப் பாரு!" என்று கத்தினாள். இரண்டாவது வாரம் வலப்பக்கம் திரும்பும்போது சைட்கார் அந்தரத்தில் தூக்கியது. உள்ளே ஆள் கனம் இருந்தால் தூக்காது என்று மருதப்பன் சொன்னார். அதற்கப்புறம் யார் கேட்டாலும், "அவரு எதுக்கா? கனத்துக்கு" என்றாள்.

வண்டியைப் பதிய வந்த அதிகாரி இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். வலப்பக்கம் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

திருவாதிரைக் காலை வானம் வெளுத்திருந்தது. மங்களம் அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, சேலைக் கரைக்குக் கீழே காக்கி தெரிய வண்டியில் ஏறினாள். முன்னால் சிவப்பில் 'எல்' பலகை. மருதப்பன் சைட்காரில், மடியில் அர்ச்சனைத் தட்டோடு. எதிரே வந்த பஸ் அவர் மூக்கை உரசவில்லை. ஆனால் பஸ் முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது. அவர் தட்டைப் பிடித்தபடி எல்லாருக்கும் தலையசைத்தார்.

ஆர்ச்சர்ட் ரோட்டில், கோயில் வாசலுக்கு எதிரே சிவசுப்பிரமணியம் நின்றார். பின்னால் உண்மையிலேயே ஒரு லாரி. வண்டி வந்து நின்றதைப் பார்த்தார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பக்கம் சரியா சார்?" என்றார் மருதப்பன்.

"சரிதான்," என்றார் அவர். லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் பாதி கிடக்குது. வீட்டுக்குத் திரும்பிப் போகவேணும் எல்லோ?" என்றார்.

"போவோம்லா."

தரிசனம் முடிந்தது. மங்களம் களியைப் பிரசாதமாக வாங்கிச் சைட்காரில் வைத்தாள். எஞ்சின் முதல் உதையில் கிளம்பியது. செலகி ரோட்டில் வரும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்ததை மருதப்பன் பக்கத்திலிருந்து பார்த்தார். கொட்டகையில் நாலாவது வண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா என்று மனத்துக்குள் அளந்தார். இருந்தது.

கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. நேரே போனால் சிராங்கூன் ரோடு, வீடு. இடப்பக்கம் புக்கிட் தீமா ரோடு. அது நீண்டு போய், மலாயாவுக்குக் கடக்கும் ஜொகூர்ப் பாலத்தில் முடியும். பின்னால் கொஞ்சம் தள்ளிச் சிவசுப்பிரமணியத்தின் லாரி வந்து நின்றது.

பச்சை விழுந்தது. மங்களம் நேரே போகவில்லை. கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தாள். மருதப்பன் களிப் பொட்டலத்தைப் பாய்ந்து பிடித்தார்.

"மங்களம், வீடு அந்தப் பக்கம்! திரும்பிப் போறதுதானே பேச்சு?"

அவள் தலையைத் திருப்பவில்லை. கியரை மாற்றினாள்.

"திரும்பணும்னுதாங்க சொன்னேன். எந்த வழியான்னு சொன்னேனா?"