சோப்பு படாத ஃபிளாஸ்க்

எனக்குக் கோவம் மூக்கு மேல வரும்னு லேப்ல எல்லாருக்கும் தெரியும். அந்த வியாழக்கிழமை வந்த கோவம் என் மேலயே வந்துச்சு.

துறைமுகத்தோட அடியில கிடக்குற எண்ணெய்ச் சேத்துலேர்ந்து ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்து, நாலு வருஷமா திருச்சியில வளக்குறேன். அது சுரக்குற சாறு, மண்ணுல ஒட்டின எண்ணெயைக் கழட்டி விடணும். சோதனை லேசுதான். தட்டுல தண்ணி, மேல எண்ணெய், நடுவுல ஒரு சொட்டு சாறு. எண்ணெய் விலகி வட்டம் விழணும். மூணு மாசம் முன்னாடி அதோட தீனியை மாத்தினேன். முதல் தடவையா வட்டம் விழுந்துச்சு, ஆறு சென்டிமீட்டர்! லேப்புக்கே லட்டு வாங்கிக் குடுத்தேன். திங்கக்கிழமை துறைமுக அதிகாரிங்க வராங்க. திருப்தின்னா, கடலடியில சோதனைக்கு இடம் தருவாங்க.

வியாழக்கிழமை, பாக்டீரியாவே போடாத வெறும் தீனிக் கரைசலைச் சொட்டு விட்டேன். அதுக்கும் வட்டம் விழுந்துச்சு. சோப்பும் எண்ணெயை விலக்கும், கழுவின ஃபிளாஸ்க்லதான் அது ஒட்டியிருக்கணும். அடக் கடவுளே!

ஃபிளாஸ்க் கழுவுற மாரியாயி அக்கா பதறிட்டாங்க. "நல்லாத்தானேம்மா அலசினேன்?"

"உங்க தப்பு இல்லக்கா. கறை போகலன்னு அந்த வாசனை சோப்பை வாங்கிக் குடுத்த புத்திசாலி நான்தான்."

அதுவும் அதே மூணு மாசம் முன்னாடிதான். அப்போ என் பாக்டீரியா ஒண்ணுமே பண்ணலையோ?

"அதிகாரிங்க வர்றதைத் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டார் என் கைடு இருதயநாதன் சார்.

"வேணாம் சார். புதுசா வளத்தா மூணு நாள்ல வளந்துடும். வட்டம் விழலைன்னா அவங்க முன்னாடியே சொல்லிடுறேன்."

புது ஃபிளாஸ்க் எடுத்தோம். கொதிக்கிற தண்ணி, ஸ்பிரிட், மறுபடி தண்ணி. அக்காவும் நானும் கை சிவக்கச் சிவக்கக் கழுவினோம். ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல சித்தி பொண்ணுக்கு வளைகாப்பு. நான் போகல. சித்தி போன்ல கத்துனாங்க, நானும் திருப்பிக் கத்தினேன்.

திங்கக்கிழமை அதிகாரிங்க முன்னாடி வெறும் கரைசலை முதல்ல விட்டேன். எண்ணெய் அசையல. அடுத்த தட்டுல சாறு. எண்ணெய் மெதுவா விலகுச்சு. அளந்தேன், ரெண்டு சென்டிமீட்டர்.

"ஆறுன்னு எழுதியிருந்தீங்களே?"ன்னார் பெரிய அதிகாரி.

"அதுல சோப்பு கலந்திருந்துச்சு சார், என் தப்பு. பாக்டீரியாவோடது இந்த ரெண்டுதான்."

அவர் ரெண்டு தட்டையும் மாறி மாறிப் பாத்தார். "இதுவரைக்கும் எங்க கிட்ட வந்தவங்க பெரிய வட்டத்தைத்தான் காட்டினாங்க. ஒருத்தரும் வெறும் கரைசலை விட்டுக் காட்டல. கடலடியில எவ்வளவு இடம் வேணும்?"

நான் மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சேன். பின்னாடியிருந்து மாரியாயி அக்கா சொன்னாங்க, "பெருசாவே குடுங்க சார்."